பன்னிரண்டு மணி பதினேழு நிமிடம்

ஜெயக்கொடி வீட்டுச் சுவர்க்கடிகாரம் மூன்று வருஷமாகப் பத்து நிமிடம் முந்தி ஓடியது. அது கெட்டுப்போய் அப்படி ஓடவில்லை. அவள்தான் கூட்டி வைத்தாள். மகள் கனகலட்சுமி ஆறாம் வகுப்புக்கு டி. கல்லுப்பட்டிக்குப் போகத் தொடங்கிய புதிதில், ஏழே முக்கால் பஸ்ஸை வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் தாய் முள்ளைத் திருகி மாட்டினாள். கடிகாரம் பொய் சொல்கிறது என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் காலையில் அதற்குப் பயந்து ஓடினார்கள். மற்ற நேரங்களில் முள்ளைப் பார்த்ததுமே மனது தானாகப் பத்தைக் கழித்துக்கொள்ளும்.

அந்தக் கடிகாரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊருக்குக் கிழக்கே மொட்டைப் பாறைக் கரட்டில் கல்குவாரி. எட்டு வருஷமாக அங்கே மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெடி போடுவார்கள். வெடி போடுகிறவன் ஜெயக்கொடியின் உடன்பிறந்த அண்ணன் நல்லகாமன். முறையாக லைசன்ஸ் வாங்கியவன், நேரம் தப்பாதவன் என்று பெயர் எடுத்தவன். அவன் வெடியைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப்பேர் சோறு வடித்தார்கள். அந்த நேரத்தில் கிணற்றுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எல்லாம் சரளை மண் கிணறுகள். அதிர்ந்தால் கரை சரியும்.

ஜெயக்கொடியின் புருஷன் சிவபாண்டி கிணற்றில் இறங்கினால் நேரம் பார்ப்பது அவள் பொறுப்பு. கடிகாரம் பன்னிரண்டரை காட்டும்போது உண்மையில் மணி பன்னிரண்டு இருபது. அந்தக் கணக்குக்கு அவள் கொல்லைக்குப் போய்த் தாம்பாளத்தைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். கிணறு கூப்பிடு தூரம்தான். அவன் ஏறி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைப்பான். பீடி முடிவதற்கும் வெடி கேட்பதற்கும் சரியாக இருக்கும். மச்சான் எனக்குப் பீடி அளந்து கொடுக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பான்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பீடி பற்றவைக்கப்படவில்லை.

அன்று விடிந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. மகள் லீவுக்குப் பரவையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெயக்கொடி கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, போனைப் பார்த்துச் சரியான நேரத்தை வைத்தாள். பஸ் பிடிக்கிற ஆளே வீட்டில் இல்லை, பள்ளிக்கூடம் திறக்கும்போது கூட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே மாட்டிவிட்டாள். அதைப் புருஷனிடம் சொல்லவும் இல்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

பதினோரு மணிக்கு மேல் சிவபாண்டி கிணற்றுக்குப் போனான். மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் வேர் அடைத்துத் தண்ணீர் ஏறவில்லை. ஒரு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிடும், அதற்குள் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்ட வேண்டும். போன வருஷம் ஒரு போனைக் கிணற்றுக்குக் கொடுத்தவன், அதனால் போனை அடுப்பங்கரை அலமாரியில் வைத்துவிட்டு, தட்ட மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டு நடந்தான்.

பன்னிரண்டு மணிவாக்கில் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று எழும்பியது. ஜெயக்கொடி முற்றத்தில் காய்ந்த மிளகாயை அள்ளத் தொடங்கினாள். நடுவே சாக்கு எடுக்க உள்ளே வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால் ஆகப் போகிறது. மனது வழக்கம்போலப் பத்தைக் கழித்தது. இப்போதுதான் பன்னிரண்டு தாண்டியிருக்கிறது, இன்னும் நேரம் கிடக்கிறது என்று மிளகாய்க்குத் திரும்பினாள். காலையில் சரியான நேரம் வைத்தவளே அவள்தான். அது அந்த நொடியில் நினைவில் இல்லை.

சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. வீட்டுக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. கொல்லைப் பக்கம் டிராக்டரிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி நீளமாக ஒரு ஓசை கேட்டது. அவள் கையில் கரண்டியும் இல்லை, தாம்பாளமும் இல்லை.

சிவபாண்டியை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

வெடி வழக்கம்போல் பன்னிரண்டரைக்குத்தான் போட்டது என்று குவாரி நோட்டில் எழுதியிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து ஜெயக்கொடியின் நெஞ்சில் ஒரே கணக்குத்தான் ஓடியது. இருபதுக்குத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. மிளகாயில் கால் மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, சரியாக ஓடிய கடிகாரத்தில் பத்தைக் கழித்துவிட்டு, புருஷனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கரை சரிந்தது வெடியால். ஆனால் அவன் அடியில் இருந்தது அவளால்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வீடு கழுவ வந்த பக்கத்து வீட்டு ஒச்சம்மாள், குப்புற விழுந்து கிடந்த கடிகாரத்தை எடுக்கப் போனபோது ஜெயக்கொடி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். அதை நிமிர்த்திப் பார்க்கவும் அவளுக்குத் தைரியமில்லை. கிழிந்த சேலை ஒன்றில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் சொருகினாள். அந்த முகத்தை யார் பார்த்தாலும், அன்றைக்குக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது என்று தெரிந்துபோகும்.

கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவன் நல்லகாமன். அவன் போட்ட வெடியில் புருஷன் செத்திருக்க, அவன் கையாலேயே கோடியா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். வேறு அண்ணன் தம்பி அவளுக்கு இல்லை. புதுச்சேலையை அவள் தலைமேல் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் விலகிக்கொண்டான். ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், செய்யாத பழிக்கு ஊரே இந்த மனுஷனைப் பார்க்கிறதே என்று நினைத்தாள். அதை நினைத்துத்தான் அன்றைக்கு அதிகமாக அழுதாள்.

ஒரு மாதம் கழிந்தபோது குவாரிக்காரர்கள் பக்கமிருந்து புதிதாக ஒரு பேச்சுக் கிளம்பியது. அன்றைக்குப் பூமி ஆடியிருக்கிறது, நிலநடுக்கத்தில்தான் கரை சரிந்தது, எங்கள் வெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. டீக்கடையில் ஒருவர், அப்படியானால் பூமியும் நோட்டுப் பார்த்துப் பன்னிரண்டரைக்குத்தான் ஆடுமா என்று கேட்டாராம். தாலுகா ஆபீசில் விசாரணைக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். நல்லகாமன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சைக் குவாரி முதலாளியைவிட அதிகமாக நம்ப விரும்பியவள் ஜெயக்கொடி. பூமியே ஆடியிருந்தால் அதற்கு யாரும் தாம்பாளம் தட்டியிருக்க முடியாது. இரவும் பகலும் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் சபிஹா வந்தாள்.

சபிஹா மதுரை கோரிப்பாளையத்துப் பெண். பூமி அதிர்வைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். பிப்ரவரியில் ஊராட்சியின் பழைய ஸ்டோர் ரூமில் குழி தோண்டி, சிமென்ட் போட்டு, ஒரு சின்ன டிரம் மாதிரிக் கருவியை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். கூரைமேல் ஒரு சோலார் தட்டும், ஒரு கறுப்பு ஒயரும். பேரையூர்ப் பக்கம் ஒரு தோப்பு வீட்டிலும், திருமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையிலும் அதே மாதிரிக் கருவிகள் இருந்தன. ஸ்டோர் ரூமைக் கூட்டுவதும் சாவியை வைத்திருப்பதும் ஜெயக்கொடியின் வேலை. புதையல் இருக்கிறதா என்று பார்க்கிற மெஷின் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஒச்சம்மாள் நேரடியாகவே கேட்டாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரு கொறட்டையும் இதுல பதியுமா?"

"அது பதியணும்னா அவரு தரையில படுக்கணும் பெரியம்மா. கட்டில்னா கஷ்டம்" என்றாள் சபிஹா.

அவள் வழக்கமாக மாதம் ஒரு முறை வந்து பதிவை எடுத்துக்கொண்டு போவாள். நடுவில் பரீட்சை வேலை, அதனால் இந்தத் தடவை இரண்டு மாதமாகிவிட்டது. சிவபாண்டி இறந்ததே அவளுக்கு ஒரு வாரம் முன்னால்தான் தெரியும். தாலுகா ஆபீசிலிருந்து அவளுடைய துறைக்குக் கடிதம் போயிருந்தது. மற்ற இரண்டு இடத்துப் பதிவையும் ஏற்கெனவே எடுத்துவிட்டாள். இங்கே உள்ளதையும் எடுத்துக்கொண்டு, ஸ்டோர் ரூமில் பிளக் பாயின்ட் இல்லாததால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடி வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தலைமுக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டாள். ஜெயக்கொடி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

திரையில் நாளுக்கு ஒரு கோடாக வரிசையாக இருந்தது. ஓரிடத்தில் விரலை வைத்து, இது என்ன தெரிகிறதா என்று சபிஹா கேட்டாள். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தக் கோட்டில் சின்னச் சின்னதாகச் சிலிர்ப்பு இருந்தது.

"நீங்க கூட்டுறதுக்கா. தொடப்பமும் நடையும்."

மே பதினாலு வரை அது தப்பாமல் இருந்தது. அதற்குப் பிறகு பதினாறு நாள் காலை ஏழு மணிக்குக் கோடு சும்மா கிடந்தது. பதினேழாம் நாள் மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள். ஐம்பது நாளாகக் கேட்க நினைத்த கேள்வி.

"பாப்பா, அன்னிக்குப் பூமி ஆடுச்சா?"

சபிஹா பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். லேப்டாப் ஒரு நொடியில் இதைச் சொல்லிவிடும், ஆனாலும் நீங்களே பாருங்கள் என்றாள். ஜெயக்கொடியிடம் தையல் நூல் வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்னது இதுதான். நிலம் ஓரிடத்தில் அதிர்ந்தால் அங்கிருந்து இரண்டு அலைகள் கிளம்பும். ஒன்று வேகமானது, தள்ளிக்கொண்டு ஓடும். மற்றது மெதுவானது, ஆட்டிக்கொண்டு வரும். கிளம்புவது ஒரே நேரம், வந்து சேர்வது வெவ்வேறு நேரம்.

"கல்லுப்பட்டியில இருந்து ஒருத்தன் பைக்லயும் ஒருத்தன் சைக்கிள்லயும் ஒண்ணா கெளம்புறாங்கன்னு வைங்க. அடுத்த ஊருன்னா கொஞ்சம் முன்னப்பின்ன வந்துருவாங்க. மதுரைன்னா பைக்காரன் ரெண்டாவது டீயே சொல்லிருப்பான், சைக்கிள்காரன் அப்பத்தான் வேர்த்து வடிய வருவான். ரெண்டு பேருக்கும் எம்புட்டு இடைவெளின்னு பார்த்தா, எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தாங்கன்னு சொல்லிறலாம்ல?"

ஜெயக்கொடிக்குப் புரிந்தது. இரண்டாவது அலை ஒரு விநாடி பிந்தினால் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் தூரம். கோழிப்பண்ணைக் கருவியில் இரண்டரை விநாடி பிந்தியிருந்தது, ஆகவே இருபது கிலோமீட்டர். தோப்பு வீட்டில் ஒன்றரை விநாடி, பன்னிரண்டு கிலோமீட்டர். இந்த ஊர் ஸ்டோர் ரூமில் இரண்டு அலையும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு வந்திருந்தன. ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் கருவிக்குத் தூரம்தான் தெரியும், திசை தெரியாது. அதனால் ஒவ்வொரு கருவியையும் நடுவாக வைத்து ஒரு வட்டம் போட வேண்டும். ஒரு வட்டம் போதாது. இரண்டு வட்டம் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது வந்தால்தான் ஓரிடம் மிஞ்சும்.

ஜெயக்கொடி நூலின் ஒரு முனையைத் திருமங்கலத்துப் புள்ளியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் பென்சிலைக் கட்டிச் சபிஹா சுற்றினாள். பிறகு பேரையூர். பிறகு இந்த ஊர், விரல்கடை அளவு ஒரு சின்ன வட்டம். மூன்று கோடும் ஒரு புள்ளியில் கச்சிதமாகச் சேரவில்லை. நடுவில் கடலை அளவு ஒரு முக்கோணம் விட்டுச் சேர்ந்தன. எந்தக் கணக்கிலும் இம்புட்டுப் பிசகு இருக்கத்தான் செய்யும் என்றாள் சபிஹா. அந்தக் கடலைக்குள் கரடு இருந்தது. கல்குவாரி இருந்தது.

"குவாரிக்கு அடியிலயே பூமி ஆடிருக்கக் கூடாதா?" என்று ஜெயக்கொடி கேட்டாள். குரல் கெஞ்சியது.

சபிஹா மூன்று கருவியின் கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினாள். மூன்றிலும் முதல் துடிப்பு மேல்நோக்கியே இருந்தது. வெடி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வெளியே தள்ளும். பூமி நடுக்கம் அப்படியில்லை. பாறை ஒரு பக்கம் இந்தப் பக்கமும் மறுபக்கம் அந்தப் பக்கமுமாக நழுவும், அதனால் ஓர் ஊரில் கோடு மேலே தொடங்கினால் இன்னோர் ஊரில் கீழே தொடங்கும். வெடியில் இரண்டாவது அலையும் சோர்ந்துதான் வரும், இங்கேயும் அப்படித்தான் வந்திருக்கிறது. மூன்று கருவிதான், அதனால் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கு முழுக்கத் தேடிவிட்டாள். நிலநடுக்கம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றுதான். அளவு ஒன்று புள்ளி எட்டு.

"எட்டா?"

"ஒண்ணு புள்ளி எட்டு."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள், ரெண்டுகூட இல்லையா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜெயக்கொடிக்குச் சுருக்கென்றது. ஒரு மனுஷனை விழுங்கியதற்கு இரண்டுகூட இல்லை.

சபிஹா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். திருவிழாவில் ரேடியோ செட் வைக்கிறார்கள். குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் காது கிழியும், ஊர்க்கோடியில் முணுமுணுப்பு. ஆனால் பெட்டியில் சத்தம் வைத்தது ஒரே அளவுதான். கோடு எவ்வளவு உயரம் எழும்பியது என்று பார்த்து, எவ்வளவு தூரத்தில் என்பதையும் கூட்டிக் கணக்குப் போட்டால், பெட்டியில் வைத்த அந்த அளவு கிடைக்கும். அதில் ஒன்று கூடினால் கோடு பத்து மடங்கு எழும்பும். அது பிறந்த இடத்தின் பலத்தைத்தான் சொல்லும். எது இடிந்தது, யார் போனார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை.

"யாரு மேல தப்புன்னும் மெஷின் சொல்லாதுக்கா. எங்க, எப்ப, எம்புட்டு. இந்த மூணுதான் அதுக்குத் தெரியும்."

எங்கே என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு என்றும் தெரிந்துவிட்டது. ஜெயக்கொடி பிடித்துத் தொங்கிய நூல் அறுந்துபோயிற்று. பூமி ஆடவில்லை. அப்படியென்றால் தாம்பாளம்தான். அவள்தான். எப்போது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் ஊருக்கே தெரியுமே.

சபிஹாதான் தாலுகா ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அலை வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஓடிவந்த நேரத்தைக் கழித்தால் கிளம்பிய நேரம். மே பதினாலு, பகல் பன்னிரண்டு மணி, பதினேழு நிமிடம், ஐம்பத்திரண்டு விநாடி.

ஜெயக்கொடி நிமிர்ந்தாள்.

"என்ன சொன்ன?"

சபிஹா மறுபடி படித்தாள்.

"ஒங்க மெஷின்ல எம்புட்டுக் கூட்டி வச்சிருக்கீக?"

சபிஹாவுக்குப் புரியவில்லை. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் போனவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கூட்டியெல்லாம் வைக்கிறதில்லக்கா. கூரையில கறுப்பு ஒயரு இருக்குல்ல, அது மேல சுத்துற செயற்கைக்கோள்ல இருந்து நேரம் வாங்கும். மூணு மெஷினுக்கும் ஒரே நேரம். அதுல ஒரு விநாடி தப்புனாக்கூட மூணு மெஷினும் சொல்ற நேரம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது."

பதினேழு. இருபதுக்கு மூன்று நிமிடம் முன்னால். அவள் கொல்லைக்குப் போக வேண்டிய நேரமே வரவில்லை. பழையபடி பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தாலும், பத்தைச் சரியாகக் கழித்திருந்தாலும், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் அவள் தட்டியிருக்க மாட்டாள். கால் மணி நேரத்தை அவள் தொலைக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மிளகாய்க்குப் போனபின் நாலைந்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

ஐம்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. இறங்கிய சுகத்தில் அவள் ஒரு மூச்சு நீளமாக விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே உடம்பு கூசியது. புருஷன் இல்லை என்பது மாறவில்லை. கல்லும் கரைந்துபோகவில்லை, இடம்தான் மாறியிருந்தது. பன்னிரண்டரை என்று நோட்டில் எழுதியவன் அவள் அண்ணன்.

சபிஹா போன பிறகு தகரப்பெட்டியைத் திறந்து சேலைச் சுருளை எடுத்தாள். பிரித்து, கடிகாரத்தை முதல் தடவையாக நிமிர்த்தினாள். கண்ணாடியில்லை. பேட்டரி கழன்று எங்கோ போயிருந்தது. சின்ன முள் பன்னிரண்டைத் தாண்டி இருந்தது. பெரிய முள் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே, பதினெட்டை ஒட்டி நின்றது. விழுந்த நொடியிலேயே நின்றிருக்கிறது. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் ஒளித்து வைத்ததுதான் அவள் பக்கத்துச் சாட்சி.

வெயில் தாழ்ந்ததும் நல்லகாமன் வந்தான். சிவபாண்டி போனதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அன்றும் கால் கழுவிவிட்டு வந்தவன் கூடத்தில் பாயின்மேல் கடிகாரம் இருப்பதைப் பார்த்தான்.

"இது எதுக்குக் கொடி இப்ப?"

"மணி என்ன காட்டுதுன்னு பாருண்ணே."

அவன் குனிந்து பார்த்தான். பிறகு, இது பத்து நிமிஷம் கூட ஓடுகிற கடிகாரமாயிற்றே என்றான். சொன்ன குரலில் பலமில்லை.

"அன்னிக்குக் காலையிலதேன் சரியா வச்சேன். போனைப் பாத்து வச்சேன். அதை மறந்து போயித் தட்டாம விட்டுட்டேன்னு, அவரை நான்தேன் கொன்னுட்டேன்னு, இம்புட்டு நாளா ஒன் மொகத்தைப் பாக்கவே வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கினாள். "அந்தப் பிள்ளையோட மெஷினும் இதே நேரத்தைத்தேன் சொல்லுது. பதினேழு."

நல்லகாமன் பாயோரம் உட்கார்ந்தான். தங்கை இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் பேசாமல் இருந்ததை, எல்லாம் தெரிந்துகொண்டு தன்னை வெறுக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனாகவே சொன்னான். அன்றைக்குப் பதினெட்டுக் குழியில் மருந்து ஏற்றி வயரும் மாட்டியாகிவிட்டது. மேற்கே மின்னல் வெட்டியது. மின்னல் வயரில் இறங்கினால் தானாக வெடித்துவிடும், கீழே எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களை மேலே ஏற்றிவிட்டான். மழை இறங்குவதற்குள் போட்டு முடி, நனைந்தால் அத்தனை மருந்தும் வீண் என்று ஆபீஸ் ரூமிலிருந்து சத்தம் வந்தது. சங்கு ஊதினான். காற்று ஊரிலிருந்து கரட்டைப் பார்த்து அடித்தது. சங்குச் சத்தம் கிழக்கே போனது. நோட்டில் நேரத்தைக் காலையிலேயே எழுதிவிடுவது அவன் வழக்கம். எட்டு வருஷமாக மாறாத நேரம்தானே. அன்றும் எழுதியிருந்தான். பிறகு அதைத் திருத்தவில்லை.

"எட்டுப் பேரையும்தேன் மேல ஏத்திட்டியே. அப்புறம் வெடிக்காம விட்ருக்கலாம்லண்ணே?"

நல்லகாமன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விட்ருக்கலாம்" என்றான்.

கிணற்றில் மாப்பிள்ளை இருப்பான் என்று தெரியாதா என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"பன்னெண்டரைக்குள்ள மாப்ள ஏறிருவாருன்னு தெரியும்த்தா. எனக்கு எப்பவுமே பன்னெண்டரைதேன். வெடிப் பட்டனை அமுக்கையில மணி என்னன்னு நான் பாக்கல. சத்தம் அடங்குனதுக்கப்புறம்தேன் பாத்தேன்."

அவள் அழவில்லை. எழுந்து போய் அவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கோடி போட்ட அதே கையா நோட்டைத் திருத்தாமல் விட்டது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவன் செம்பைத் தொடவில்லை.

"வியாழக்கெழமை வாரியா?" என்று கேட்டாள்.

"லைசன்ஸ் போயிரும். ஜெயிலும் இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதுண்ணே. பூமி ஆடுச்சுன்னு எழுதுனா, எம்மக நாளைக்கு மண்ணுல காலு வைக்கப் பயப்படும். நான் தட்டாததாலதேன்னு எழுதுனா அதுவும் பொய்யி. எழுதுறதுக்கு ஒண்ணுதேன் மிச்சமிருக்கு."

அவன் எழுந்து போனான். வருவானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸுக்கு அவள் கடிகாரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நின்றபோது, நிறுத்தத்தில் அவளுக்கு முன்னால் நல்லகாமன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் அந்த நோட்டு இருந்தது. டிக்கெட்டை அவன் எடுத்தான். இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

தாலுகா ஆபீசில் சபிஹாவின் தாள் முன்னாலேயே வந்து கோப்பில் சேர்ந்திருந்தது. கிளார்க் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, நடந்ததை உங்கள் கைப்படவே எழுதிக் கொடுங்கள் என்றார். நல்லகாமனுக்கு எழுத்து வேகமாக வராது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், லைசன்ஸ் நம்பர் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தான். குவாரி நோட்டில் பன்னிரண்டு முப்பது என்று இருப்பது தவறு என்று எழுதினான். அன்றைக்கு நான் வெடித்த நேரம் என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றான். பிறகு 12.17 என்று எழுதி, முற்றுப்புள்ளி வைக்கப் போனான்.

ஜெயக்கொடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மார்போடு பிடித்திருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

"அம்பத்தி ரெண்டு விநாடிண்ணே" என்றாள்.

அவன் அதையும் எழுதினான்.